தொலைய மறுத்த கையுறை

ஸ்வீடனின் வடகோடியில் இருக்கும் லூலியோ ஊரில் ஒரு கையுறையைத் தொலைப்பது லேசான காரியமில்லை. தெற்கிலிருந்து வந்து மூன்று குளிர்காலம் கழிந்தும் ஹோல்கருக்கு இது தெரியாமலே போயிருந்தது.

அவன் தொலைக்க நினைத்தது ஒரு குட்டி மஞ்சள் கையுறை. விரல்களுக்குத் தனித்தனி இடம் கிடையாது. கோழிமுட்டை ஒன்று உள்ளே போகலாம், அவ்வளவுதான் அளவு. ஏழு மாதக் குழந்தை ரூனாவின் இடது கைக்கென்றே தைத்தது. அதற்கு ஜோடியும் கிடையாது.

முதல் தடவை செவ்வாய்க்கிழமை. பிப்ரவரிக் கடைசி. கடல் உறைந்து ஒரு முழம் தடிமனுக்குக் கல்லாகியிருந்தது. ஊருக்கும் எதிரே இருக்கும் சின்னத் தீவுக்கும் நடுவில், பனியை வழித்துப் போட்ட பாதையில், ஊரே நடந்துகொண்டிருந்தது. சறுக்குக் கட்டைகளில் பொருத்திய நாற்காலியில் ரூனாவைப் போர்த்தி உட்காரவைத்து, பின்னால் நின்று ஒற்றைக் காலால் உந்தித் தள்ளிக்கொண்டு போனான் ஹோல்கர். மத்தியான வெளிச்சம் பால் கலந்த நீலமாக இருந்தது. அடியில் எங்கோ பனிக்கட்டி நீளமாக ஒரு முனகல் விட்டது. யாரோ குடியிருக்கும் வீட்டின் கூரைமேல் ஏறி நடக்கிறோம் என்று அவனுக்கு எப்போதும் தோன்றும். அந்தக் கூரையின்மேல், சட்டைப்பையிலிருந்து தானாக விழுந்த மாதிரி, மஞ்சள் கையுறையை நழுவவிட்டான்.

வீட்டுக்கு வந்து காப்பி போடுவதற்குள் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு எவர்ட். இரும்பாலையில் நாற்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபின் ஊரில் எவர் வீட்டில் என்ன வேகிறது என்று பார்ப்பதே உத்தியோகம்.

"ஏய் தெற்கத்திக்காரா, உன் பொண்ணு கையுறை கடல்ல கிடந்துச்சு."

"அப்படியா? கவனிக்கலையே."

"தேடி வர்றவங்களுக்குத் தெரியட்டும்னு வழியில ஒரு குச்சியில மாட்டிட்டு வரலாம்னுதான் பார்த்தேன். அப்புறம், இந்த மஞ்சள் உன் வீட்டைத் தவிர யார் வீட்டுல இருக்கும்னு எடுத்துட்டு வந்துட்டேன். உங்க ஊர்ல எல்லாம் குளிரே இல்லைன்னு கையுறையை வீசி எறிவீங்களோ?"

"காப்பி குடிச்சுட்டுப் போறீங்களா?"

எவர்ட் உதட்டைக் குவித்து, 'ஷூப்' என்று காற்றை உள்ளே இழுத்தார். ஹோல்கர் திடுக்கிட்டான். வடக்கத்திக்காரர்கள் ஆமாம் என்பதற்குப் பதில் போடும் சத்தம் அது. ஒவ்வொரு தடவையும் எதிரே நிற்பவர் ஊசி குத்தியதுபோல் பதறிவிட்டார் என்றே அவன் காதுக்குக் கேட்கும்.

இரண்டாம் தடவை வியாழக்கிழமை. பனிப்பாதை ஓரத்தில் தொத்திறைச்சி சுட்டு விற்கும் குடிசைக்குப் பின்னால் போட்டான். சாயங்காலத்துக்குள் அந்தக் கையுறையின் படம் ஊர்க்காரர்களின் பேஸ்புக் பக்கத்தில் ஏறி, நாற்பத்திரண்டு பேர் துக்கம் விசாரித்திருந்தார்கள். அவன் வேலை பார்க்கும் பேக்கரியிலிருந்து ஒரு பெண் சைக்கிளில் வந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் தடவை, சனிக்கிழமை காலை, தீவுவரை போய் ஒரு பைன் மரத்தடியில் பனியைத் தோண்டிப் புதைத்து, பூட்ஸ் காலால் மிதித்து மூடினான். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவன் செய்த கணக்கில் நாய்கள் மட்டும் விட்டுப்போயின.

மத்தியானம் கதவைத் திறந்தால், வாசலில் நாக்கைத் தொங்கப்போட்டபடி ஒரு பழுப்பு நாய் நின்றது. அதன் பின்னால், தோளில் பனிச்சறுக்குக் காலணிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு யோர்டிஸ். கையில் ஈரமான மஞ்சள் கையுறை.

யோர்டிஸ்தான் அந்தக் கையுறையைத் தைத்தவள். ரூனாவின் பிசியோதெரபிஸ்ட்.

*

ரூனா பிறந்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான்காவது மாதத்தில், அவள் இடது கையால் அப்பாவின் தாடியைப் பிடித்து இழுக்கும் வேகத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, அம்மா இல்வா மட்டும் சிரிக்கவில்லை. "வலது கை என்ன பண்ணுது?" என்று கேட்டாள். வலது கை ஒன்றும் பண்ணவில்லை. கட்டைவிரலை உள்ளே மடித்து மூடிக்கொண்டு, மார்பின் ஓரத்தில் படுத்திருந்தது.

மூளையைப் படம் எடுத்தார்கள். பிறப்பதற்கு முன்போ பிறக்கும்போதோ இடதுபக்கத்தில் ஓர் இடத்துக்கு ரத்தம் போகாமல் நின்றிருந்தது. பெருமூளை வாதம் என்ற பேரைச் சொன்னார் டாக்டர். மிக மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்தப் பேர் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது, எழுந்து போகவில்லை.

யோர்டிஸ் வந்த பிறகுதான் வீட்டில் பழையபடி பேச்சு வந்தது. ஐம்பது வயதுக்காரி. தரையில் குழந்தைக்குச் சமமாகப் படுத்துக்கொண்டுதான் பேசுவாள்.

"அந்தக் கை கெட்டுப்போகலை. இருக்குங்கிறதே இவளுக்குத் தெரியலை. இடது கை ரொம்பக் கெட்டிக்காரி. எல்லா வேலையையும் அதுவே பார்த்துடுது. தினம் அரைமணி நேரம் கையுறையை மாட்டிக் கெட்டிக்காரியைத் தூங்க வைப்போம். வாரத்துல ஆறு நாள். ஆறு வாரம்."

"பெரியவளானப்புறம் செய்யக்கூடாதா?" என்று ஹோல்கர் கேட்டான்.

"செய்யலாம். ஆனா இப்பதான் மூளை பாதை போட்டுக்கிட்டிருக்கு. கடல்ல நம்ம பாதையைப் பாரு. ரெண்டு நாள் வண்டி ஓட்டி வழிக்கலைன்னா பனி மூடிடும். அப்புறம் எங்கே இருந்துச்சுன்னே தெரியாது."

இல்வா மலைச் சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்கு இரும்புத்தாது ரயில் ஓட்டுபவள். பிரசவ விடுப்பு முடிந்து அவள் வண்டிக்குத் திரும்பிவிட்டாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள இப்போது ஹோல்கரின் முறை. ஆகவே அந்த அரைமணி நேரம் முழுக்க முழுக்க அவன் தலையில் வந்து விழுந்தது.

அரைமணி என்று சொல்லும்போது சின்னதாக இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் அதற்குக் கரையே இல்லை. ஜன்னல் பக்கத்தில் ரூனாவின் குட்டி நாற்காலி, அதன்முன் மேசைப்பலகை. இடது கையில் மஞ்சள் கையுறை. பலகைமேல் ஒரு கிலுகிலுப்பை. வெளியே பனி விழுகிறதா, நின்ற இடத்திலேயே மிதக்கிறதா என்று சொல்ல முடியாது. உள்ளே குழந்தை கிலுகிலுப்பையைப் பார்ப்பாள். பிறகு கையுறையைப் பார்ப்பாள். பிறகு அப்பாவைப் பார்ப்பாள். அந்தப் பார்வை ஹோல்கரை எங்கோ கொண்டுபோய்விடும். வலது கை ஒரு தீவு மாதிரியும், அங்கே யாரோ ஒரு சின்னப் பெண் பனிக்கடியில் உறங்குவது மாதிரியும், தான் இக்கரையில் நின்று கூப்பிடுவது மாதிரியும் அவனுக்குத் தோன்றும். சில சமயம் கண்ணைத் திறந்துகொண்டே அந்தத் தீவுக்குப் பாதி தூரம் போய்விடுவான்.

அப்போதுதான் ரூனா சட்டென்று மூச்சை உள்ளே இழுப்பாள். ஒரு சின்னச் சத்தம். வாய் திறந்திருக்கும், கண் அகன்றிருக்கும். பெரிய அழுகைக்கு முன்னால் காற்றைச் சேர்த்துக்கொள்கிறாள் என்று ஹோல்கர் நினைத்துக்கொள்வான். கையுறையை உருவி எறிந்துவிட்டு அவளை வாரித் தூக்கிக்கொள்வான். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். சில நாள் ஏழு.

சுரங்கத்து ஊரிலிருந்து இல்வா போனில் கேட்பாள். "இன்னிக்குப் போட்டீங்களா?"

"போட்டோம்."

அது பொய்யில்லை. எவ்வளவு நேரம் என்று அவள் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

மூன்று வாரம் ஓடிற்று. வலது கை அசையவில்லை. இருக்கிற ஒரே நல்ல கையையும் கட்டிப்போட்டுக் குழந்தையைத் தினம் பயமுறுத்துகிறோம் என்ற எண்ணம் அவனுக்குள் கெட்டியாகிவிட்டது. யோர்டிஸிடம் சொன்னால் சமாதானம் சொல்வாள். இல்வாவிடம் சொன்னால் சண்டை வரும். கையுறை தொலைந்துவிட்டால் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

*

யோர்டிஸ் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நாய் வராந்தாவில் படுத்துக்கொண்டது.

"எவர்டை வழியில பார்த்தேன். இந்த வாரத்துல இது மூணாவது தடவையாமே."

ஹோல்கர் காப்பிக் குடுவையைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"பனிக்கடியில ஒரு அடி ஆழத்துல இருந்துச்சு. மேல பூட்ஸ் தடம். நாற்பத்திரண்டு நம்பர் இருக்கும்."

"நாற்பத்துமூணு" என்றான் ஹோல்கர்.

அதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.  யோர்டிஸ், "இப்ப எப்படிப் போடுவியோ அப்படியே போடு. நான் ஓரமா உட்கார்ந்து பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னாள்.

"ஈரமா இருக்கு."

"அடுப்புமேல வை. நான் எங்கேயும் போகப்போறதில்லை."

கையுறை காயும்வரை இருவரும் காப்பி குடித்தார்கள். பிறகு ஹோல்கர் ரூனாவை நாற்காலியில் உட்காரவைத்து, முதுகுக்கு அண்டை கொடுத்து, கையுறையை மாட்டி, கிலுகிலுப்பையை வைத்தான். யோர்டிஸ் அதை எடுத்து அப்பால் போட்டாள்.

"இது வழவழன்னு இருக்கு. முழுசா மூடிப் பிடிச்சாத்தான் சத்தம் வரும். அந்தக் கைக்கு இது மலை. லேசா ஒரு விரல் பட்டாலே ஏதாவது நடக்கணும். பேக்கரிக்காரன் வீட்டுல என்ன இருக்கு?"

அவளே அலமாரியைத் திறந்து, ரொட்டித் தட்டில் விரிக்கும் காகிதத்தில் ஒரு துண்டு கிழித்தாள். கசக்கி உருட்டி, ரூனாவின் வலது முஷ்டிக்கு இரண்டு விரல்கடை தள்ளி வைத்தாள். காகிதம் தானாக மெல்ல விரிந்துகொண்டு சரசரத்தது.

ரூனா பார்த்தாள். கையுறையைத் தூக்கிப் பலகையில் ஒரு தட்டு தட்டினாள். அப்பாவைப் பார்த்தாள். சுவரில் கடிகாரம் நகர்ந்தது. ஜன்னல் கண்ணாடியில் நீலம் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

ரூனா சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தாள்.

ஹோல்கரின் கை தானாக நீண்டது. யோர்டிஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"எதுக்கு கழட்டப்போற?"

"அழப்போறா. கேட்கலையா?"

"கேட்டுச்சு. ஷூப்னு கேட்டுச்சு." அவளும் உள்ளே இழுத்துக் காட்டினாள். "எங்க ஊர்ல இதுக்குச் சரின்னு அர்த்தம்."

"விளையாடாதீங்க. ஏழு மாசக் குழந்தை."

"இவ சரின்னு சொன்னாளோ, சும்மா மூச்சு இழுத்தாளோ, எனக்குத் தெரியாது. ஆனா இதுக்கு அடுத்தாப்புல என்ன வருதுன்னு நீ ஒருநாளாவது பார்த்திருக்கியா?"

  ஹோல்கருக்கு நகராட்சி அலுவலகத்தில் நடந்த தன் கல்யாணம் திடீரென்று ஞாபகம் வந்தது. இவனை ஏற்கிறாயா என்று அதிகாரி கேட்டபோது, இல்வா இப்படித்தான் ஒரு மூச்சை உள்ளே இழுத்தாள். பயந்துபோய்விட்டாள், ஓடப்போகிறாள் என்று நினைத்து அவன் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். சாட்சிக்கு வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பேசாம இரு" என்றாள் யோர்டிஸ். "மாவைப் பிசைஞ்சு வச்சா எவ்வளவு நேரம் காத்திருப்ப?"

"ராத்திரி முழுக்க."

"இங்கே அரை நிமிஷம் போதும்."

அந்த அரை நிமிஷம் பனிப்பாதை மாதிரி நீண்டுகொண்டே போயிற்று. ரூனா அழவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. உதட்டோரத்தில் எச்சில் ஒரு துளி திரண்டு, விழலாமா வேண்டாமா என்று நின்றது. பிறகு, அவள் உடம்பு முழுவதும் வலது பக்கமாக லேசாகச் சாய்ந்தது. தோள் அசைந்தது. தோளின் அசைவு முழங்கைக்கு வர வெகுநேரம் பிடித்தது, தூரத்துக் கிராமத்துக்குக் கடிதம் போவது மாதிரி. முஷ்டி பலகைமேல் உராய்ந்துகொண்டே ஒரு விரல்கடை நகர்ந்தது. நின்றது. இன்னும் ஒரு விரல்கடை.

காகிதம் சரசரத்தது.

ரூனாவே திடுக்கிட்டாள். யார் அது என்பதுபோல் தன் வலது கையைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து கூடவே இருந்த கையை அவள் முதல் தடவையாகப் பார்க்கிறாள் என்று ஹோல்கருக்குத் தோன்றியது. முஷ்டியிலிருந்து சுண்டுவிரல் மட்டும் பிரிந்து வந்து, காகிதத்தின் ஒரு மடிப்பைக் கீறியது. மறுபடி சத்தம்.

யோர்டிஸ் மணிக்கட்டை விட்டுவிட்டாள். அவன் கையில் அவள் விரல் அடையாளம் சிவந்திருந்தது.

"தினமும் இந்த இடத்துலதான் கழட்டிட்டேனா?" என்றான்.

"தெரியாது. நான் பார்க்கலை."

"மூணு வாரம்."

"ஆமா." அவள் அதை மழுப்பவில்லை. "திங்கட்கிழமையிலிருந்து ஆறு வாரம் புதுசா எண்ணுவோம். போன மூணு வாரத்துல என்ன வந்திருக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியாது. ஒண்ணும் வராமலும் இருந்திருக்கலாம். என் தப்பும் இருக்கு. இவகிட்ட உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேனே தவிர, உன்கிட்ட உட்கார்ந்து பார்க்கலை." எழுந்து பூட்ஸை மாட்டிக்கொண்டாள். "இல்வாகிட்ட நீயே சொல்லிடு. எவர்ட் சொல்றதுக்குள்ள."

*

ஞாயிறு காலை இல்வா வந்தாள். சட்டையில் இரும்பு வாசனை. ஹோல்கர் அவளை மேலங்கியைக் கழற்றக்கூட விடவில்லை. நின்ற நிலையிலேயே சொன்னான். ஏழு நிமிஷங்களைச் சொன்னான். புதைத்ததைச் சொன்னான். நாயைச் சொன்னான்.

அவள் கத்துவாள் என்று தயாராக இருந்தான். அவள் கத்தவில்லை. நடைவழியில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, காலணிக் கயிற்றை ரொம்ப நேரம் அவிழ்த்தாள்.

"ரயில்ல நாலாயிரம் டன் இழுத்துட்டு வர்றேன்" என்றாள் கடைசியில். "வர்ற வழி பூராவும், இப்ப அவ அரைமணி முடிச்சிருப்பான்னு நினைச்சுக்கிட்டே வருவேன். ஏழு நிமிஷமா?"

"சில நாள் பத்து."

"வாயை மூடு, ஹோல்கர்."

மூடிக்கொண்டான்.

"எனக்கு மட்டும் அவ கையைக் கட்டறது ஆசையா? என்னாலயும் பார்க்க முடியாதுன்னுதான் ரயிலுக்கு ஓடினேன்." முகத்தை அங்கியின் கைமடிப்பில் துடைத்தாள். "நீ ஓடலை. கையுறையைத்தான் ஓடவிட்டிருக்க. அதையும் ஒழுங்கா விடத் தெரியலை."

அது பாதிச் சிரிப்பு. மீதிப் பாதி வர இன்னும் பல நாள் ஆகும் என்று அவனுக்குத் தோன்றியது.  அன்று முழுக்க அவள் ரூனாவை மடியில் வைத்துக்கொண்டு, மூடிய வலது முஷ்டியைத் தன் உள்ளங்கைக்குள் பொதிந்து, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கடலின்மேல் ஆட்கள் புள்ளி புள்ளியாய்த் தீவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஓசை எதுவும் கேட்கவில்லை. யாரோ காணும் கனவுக்குள் நடப்பவர்கள் போல இருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. இல்வாவின் வண்டி பன்னிரண்டுக்குத்தான். அவள் சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள்.

ஹோல்கர் கையுறையை மாட்டினான். காகிதத்தைக் கசக்கி வைத்தான். எதிரே தரையில் உட்கார்ந்தான்.

ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. ரூனா கையுறையைக் கடித்துப் பார்த்தாள். சிணுங்கினாள். இல்வா குரல் கொடுத்தாள். ரூனா அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி சிணுங்கினாள். சனிக்கிழமை வந்த கை இன்று வரவில்லை. பதினேழாவது நிமிஷத்தில் அவள் காகிதத்தை முறைத்துப் பார்த்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள்.

 ஹோல்கரின் காது புரிந்துகொண்டாலும் கைகள் தெற்கத்திக்காரக் கைகளாகவே இருந்தன. தாமாகத் துள்ளின. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் திணித்து, தன் முழு எடையையும் அவற்றின்மேல் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

வாசலில் நின்றிருந்த இல்வா அதைப் பார்த்தாள்.  வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் கைகளையும் அதேபோல் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

தோள் சாய்ந்தது. முஷ்டி கிளம்பியது. பாதி வழியில் களைத்து நின்றது. மூவரும் காத்திருந்தார்கள். கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை. கை மறுபடி கிளம்பி, காகிதத்தை இடித்தது. பிடிக்கத் தெரியாமல் தள்ளிவிட்டது. காகித உருண்டை பலகையின் ஓரத்தைத் தாண்டி விழுந்து, சரசரத்துக்கொண்டே சோபாவுக்கு அடியில் போய் மறைந்தது.

ரூனா அது போன திசையைப் பார்த்தாள். பிறகு அம்மா அப்பா இருவரையும் பார்த்தாள். எடுத்துக்கொடுங்கள் என்பதுதான்.

"நீ போ" என்றாள் இல்வா.

"கை மரத்துப்போச்சு" என்றான் ஹோல்கர்.

இல்வா சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. தரையில் குப்புறப் படுத்து, சோபாவுக்கு அடியில் கையை நீட்டி, இன்னும் பத்து நிமிஷமாவது பாக்கி இருக்கிறது என்றாள்.